தெளிப்பானின் முதுகுப் பக்கம்

நேற்று அம்மாவுக்குக் கை உடைந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டை ஊன்றி விழுந்திருக்கிறார். எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அங்கிருந்த உதவியாளர் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி, மாவுக்கட்டுத் துணியை முக்கிப் பிழிந்தார். ஈரச் சுண்ணாம்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "எங்கடி போற?" என்று அம்மா கேட்கக் கேட்க வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். என் உள்ளங்கைகளைப் பார்த்தேன். அவற்றில் அந்த வெள்ளை மாவு அப்பியிருந்த ஒரு மத்தியானமும், உன் வெற்று முதுகும் ஞாபகத்துக்கு வந்தன.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்கு எழுத நேரம் வாய்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பயமாக இருந்தது. நேற்றுத்தான் இதை இனித் தள்ளிப்போட முடியாது என்று பட்டது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில். கம்ப்யூட்டரில் பொருள்களை வடிவமைக்கக் கற்றுத்தரும் சின்ன மையம் அது. நீ மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பஸ் ஏறி வருவாய். நான் திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் வந்து மாறி வருவேன். இரண்டு பேரும் மெக்கானிக்கல் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தோம். முதல் கட்டப் படிப்பு முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வளைபரப்புகளை வரையக் கற்றுத்தரும் சர்ஃபேஸ் வகுப்புக்கு மிஞ்சியது நாம் இருவர் மட்டும்தான். அந்த வேலைக்குத் தாங்கும் கம்ப்யூட்டரும் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒரே திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டோம்.

சார் முதல் நாள் மேஜைமேல் ஒரு மவுஸை வைத்துவிட்டு, "இத வரைங்க, பாப்போம்" என்றார்.

அதுவரை நாம் கற்றிருந்தது கட்டியான வடிவங்களை. ஒரு கட்டையைக் கற்பனை செய்து வெட்டலாம், துளைக்கலாம், முனை மழுக்கலாம். சர்ஃபேஸ் அப்படியில்லை. அதற்குக் கனமே கிடையாது. வெறும் தோல். முதலில் காற்றில் வளைகோடுகளைப் போட்டு, அவற்றின்மேல் அந்தத் தோலைப் போர்த்த வேண்டும். ஒரு துண்டு இன்னொரு துண்டோடு சேரும் இடம் தெரியக் கூடாது. எங்காவது முடி அளவு இடைவெளி விட்டால் கடைசியில் மொத்தமும் பொருளாக மாற மறுத்துவிடும். நான் வரைந்த மவுஸ், அவித்த உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்தாற்போல் இருந்தது. ஒரு நெளிவைச் சரிசெய்ய ஒரு புள்ளி சேர்ப்பேன். அதன் பக்கத்தில் புதிதாக ஒரு மேடு முளைக்கும். அதற்காக இன்னொரு புள்ளி சேர்ப்பேன்.

நீ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "ஏங்க, புள்ளி கூடக்கூடத்தான் அது நெளியுது. பாதியத் தூக்கிப் போட்டுட்டுப் பாருங்களேன்" என்றாய். போட்டுப் பார்த்தேன். வளைவு மெதுவாகத் தானே அடங்கியது. அன்று சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது நாம் 'ங்க'வை விட்டுவிட்டு 'டி'க்கு வந்துவிட்டோம்.

மறுவாரம் சார் வரிக்கோடு சோதனையைக் காட்டினார். வடிவத்தின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் விழும். பட்டை ஒடியாமல் வழுக்கிக்கொண்டு போனால் பரப்பு சரி. ஓரிடத்தில் மடங்கினால் அங்கே கோளாறு. சார் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ சிரித்துவிட்டாய்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். எங்கம்மா எவர்சில்வர் கடையில கொடம் வாங்கும்போது இதத்தான் பண்ணும். கொடத்த டியூப்லைட்டுக்கு அடியில வெச்சு மெல்லத் திருப்பும். வெளிச்சக் கோடு எங்க ஒடியுதோ அங்க நசுக்கல்."

சார் ஒரு நிமிஷம் உன்னையே பார்த்தார். "நான் இத்தன வருஷமா இதுக்கு ஒரு உதாரணம் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அந்தப் பொறாமையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் கைக்கு அது தானாக வந்தது. ஷாம்பு பாட்டில், இஸ்திரிப்பெட்டிக் கைப்பிடி, ஸ்கூட்டர் மட்கார்டு என்று எதைக் கொடுத்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்ப்பாய். பிறகுதான் கோடு போடுவாய். "கண்ணு ஏமாந்துடும்டி, கை ஏமாறாது" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். அம்மா உன் ஊரைக் கேட்டார். அப்புறம் எந்தத் தெரு என்று கேட்டார். நீ சொன்னாய். அம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். எனக்கு டம்ளரில், உனக்குப் பேப்பர் கப்பில். எங்கள் வீட்டில் பேப்பர் கப் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நீ சூடாக இருக்கும்போதே குடித்து முடித்துவிட்டு, கப்பைக் கசக்கி உன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாய். நான் எதுவும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ஹேர் டிரையர் ஒன்றின் மூக்கு வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய்.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு பொருள் வடிவமைத்துக் காட்ட வேண்டும் என்றார் சார். நான் மிக்ஸி என்றேன். நீ யோசிக்கவே இல்லை. "மருந்தடிக்கிற டேங்க்" என்றாய்.

அதற்கான காரணத்தை உன் வீட்டில்தான் பார்த்தேன். உன் அப்பா கூலிக்கு மருந்து அடிக்கப் போகிறவர். பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, சேற்றில் கால் புதைய, ஒரு கையால் நெம்பிக்கொண்டும் மறுகையால் தெளித்துக்கொண்டும் நாள் முழுக்க நடப்பவர். நீ சொன்னதும் சட்டையைக் கழற்றிவிட்டு நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நடு முதுகெலும்பின்மேல், ஒரு முழம் நீளத்துக்குத் தோல் கறுத்துத் தடித்துப்போயிருந்தது. இரண்டு இடத்தில் புண் ஆறிக்கொண்டிருந்தது. கடையில் விற்கும் டேங்க்கெல்லாம் முதுகுப் பக்கம் பலகை மாதிரி தட்டை. மனுஷ முதுகில் எந்த இடமும் தட்டையில்லை.

நீ மெடிக்கலில் மாவுக்கட்டுத் துணி வாங்கி வைத்திருந்தாய். அப்பா முதுகில் தேங்காயெண்ணெய் தடவி, ஈரத்துணியை வரிசையாகப் பரப்பினோம்.

"முதுக அளந்து என்னம்மா பண்ணப் போறீங்க? சட்ட தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, பிளாஸ்டிக் சட்ட. அசையாம இருங்க" என்றாய்.

அவர் சிரித்ததில் துணி சுருங்கிவிட்டது. மறுபடியும் போட்டோம். பிறகு உன் அம்மாவின் முதுகு, பக்கத்து வீட்டுக்காரர் முதுகு. கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு நீ எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாய். "பொம்பளைங்களும் அடிக்கிறாங்கடி. யாரும் கணக்குல சேர்த்துக்கறதில்ல" என்றாய். உன் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் நான்தான் துணியை அழுத்திப் படியவைத்தேன். அது இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் நீ மெல்ல மூச்சுவிட்டாய். என் கைக்கடியில் அந்த மாவு சூடாகிக்கொண்டே வந்தது. சாப்பிடும் நேரத்துக்கு உன் அம்மா கெண்டை மீன் குழம்பு ஊற்றினார். எனக்கும் உனக்கும் ஒரே மாதிரித் தட்டு.

அந்த நான்கு வார்ப்புகளையும் அறுத்து, வரைதாளில் ஓரம் வரைந்து, அந்தக் கோடுகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாய். நான்கு முதுகுக்கும் பொதுவாக ஒரு வளைவு கண்டுபிடிக்க உனக்கு ஆறு வாரம் ஆனது. நடுவில் முதுகெலும்பு எதையும் தொடாமல் போக ஒரு நீளக் குழி. இரண்டு பக்கமும் சதையில் எடை பரவ மெத்தென்ற இரண்டு மேடுகள். இடுப்புக்கு மேலே வெளிப்பக்கம் திரும்பும் கீழோரம். குழியும் மேடும் சேருகிற இடத்தில் வரிக்கோடு ஒடிந்துகொண்டே இருந்தது. கோடுகளை அழித்துவிட்டு எத்தனை தரம் முதலிலிருந்து ஆரம்பித்தாய் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் பட்டைகள் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் மாதிரி இறங்கின. நீ என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாய்.

திருச்சி போகும் வழியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலைக்குச் சார்தான் நம்மை அனுப்பினார். முதலாளி கெட்டவர் இல்லை. நம் வடிவத்தைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இந்தக் குழி இருக்கு பாருங்க, காத்து ஊதி அச்சு எடுக்கும்போது பிளாஸ்டிக் இந்த எடத்துல மெலிசாப் போயிடும். ஓட்ட விழும். அட்டப்பெட்டியில ஒண்ணோட ஒண்ணு அடுக்கவும் முடியாது. முதுக மட்டும் தட்டையாக்கிக் குடுங்க. மத்ததெல்லாம் அப்படியே வெச்சுக்கலாம்."

"குழி இல்லன்னா எலும்புல இடிக்கும் சார். அதுக்காகத்தான் இத வரைஞ்சதே" என்றாய்.

"எல்லா டேங்க்கும் தட்டையாத்தானம்மா இருக்கு? யாரும் வாங்காமயா இருக்காங்க?" என்றார். அப்புறம் சொன்னார்: "திங்கக்கிழமைக்குள்ள மாத்திக் குடுங்க. டிசைன்ல எனக்கு ஆள் வேணும். ரெண்டு பேரும் வந்தாலும் சரி."

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். "வேணாம்டி. மெலிசாகாம குழி போட வழி இருக்கும், யோசிப்போம். வேற கம்பெனியும் பாப்போம்" என்றாய். நான் சரி என்றேன். அந்தச் 'சரி'யைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அப்பா, "வேலை என்னாச்சு? இல்லன்னா அந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்கள வரச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை நான் மட்டும் மையத்துக்கு வந்தேன். உன் ஃபைலைத் திறந்தேன். முதுகின் வளைகோடுகளை அழித்துவிட்டு நேர்கோடுகள் போட்டேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பழக்கதோஷத்தில் வரிக்கோடு சோதனையைப் போட்டுப் பார்த்தேன். பட்டைகள் எங்கும் ஒடியாமல் நேராக நின்றன. தட்டையான பரப்பில் ஒடிவதற்கு என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நீ எனக்கு முன்னால் வந்திருந்தாய். அந்த வடிவம் திரையில் இருந்தது. நான் உள்ளே வந்ததைப் பார்த்தாய். கோபப்படவில்லை. திரையைக் காட்டி, "இது யாரு முதுகு?" என்று மட்டும் கேட்டாய்.

"எனக்கு வேல வேணும்டி" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாய். நாற்காலியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். நான் அந்தத் தொழிற்சாலையிலேயே இருந்தேன். தண்ணீர் கேன், பூவாளி, நாற்காலி முதுகு, குழந்தைகள் குளிக்கும் தொட்டி என்று நிறைய வரைந்தேன். கல்யாணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. அம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன். உன்னைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழும். சென்னையில் இரண்டு கம்பெனி ஏறி இறங்கினாய் என்றும், டிசைன் வேலைக்குப் பெண் எதற்கு என்று கேட்டார்கள் என்றும் சொன்னார்கள். உன் அப்பாவுக்கு மூச்சு முடியாமல் போனதும் நீ ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் நம்பர் என் போனில் இருந்தது. எத்தனையோ முறை அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

போன ஆவணியில் சார் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கிட்னி ரெண்டும் போயிடுச்சாம்மா. தஞ்சாவூர்ல டயாலிசிஸ் பண்றாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கட்டிலை நான் தாண்டிப் போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை. நீதான், "ஏய், இங்கடி" என்று கூப்பிட்டாய். முகம் ஊதி, கை மட்டும் குச்சியாக இருந்தது. குழாய்களில் உன் ரத்தம் வெளியே போய்க் கழுவப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்ததும், "ஊசி எனக்குத்தான குத்தியிருக்கு, நீ எதுக்கு அழுவுற?" என்றாய்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீ விடவில்லை. "இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்க? காட்டு" என்றாய். போனில் ஒரு தண்ணீர் கேனின் படத்தைக் காட்டினேன். நீ அதைப் பெரிதாக்கி, உன் கட்டிலுக்கு மேலே இருந்த விளக்கு திரையில் மின்னாதபடி போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் விரலை வைத்தாய்.

"இங்க ஒடியுது பாரு."

நான் மூன்று நாள் பார்த்தும் கண்டுபிடிக்காத மடிப்பு அது. இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டினார். டயாலிசிஸ் முடியும்வரை அந்த நான்கு மணி நேரமும் வளைவுகளைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாடி" என்றாய். அடுத்த வாரம் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் வந்தேன். அப்புறம் ஒருமுறை வந்தேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட நாளொன்றில் உன் தம்பி கூப்பிட்டு, நீ போய்விட்டதாகச் சொன்னான். மூன்று முறை வந்தும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கவே இல்லை. நீ ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினாய். அது பெருந்தன்மையா, இல்லை நான் கேட்பதைக் கேட்க உனக்கு விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். எல்லாரும் கலைந்தபிறகு உன் அம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனார். சுவரில் ஆணியடித்து மஞ்சள் டேங்க் ஒன்று மாட்டியிருந்தது. எங்கள் தொழிற்சாலை டேங்க். நான் வரைந்தது.

"மூணு வருஷமா இததான்மா மாட்டிக்கிட்டுப் போவா. இது என் சிநேகிதி செஞ்சதுன்னு கடையில இத்தன டேங்க் இருக்க இதத்தான் கேட்டு வாங்குனா. லைட்டுக்கு அடியில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, முதுகத் தவிர மத்ததெல்லாம் நல்லா செஞ்சிருக்கான்னு சொன்னா. இவ வாங்குனதப் பாத்துத் தெருவுல நாலு வீட்டுல இதயே வாங்குனாங்க."

டேங்க்கின் தோள்வாரில் ஒரு பழைய துண்டு மடித்துக் கட்டியிருந்தது. விறைத்துப்போய், பச்சையும் பழுப்புமாகக் கறை பிடித்திருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"முதுகெலும்புல இடிக்குதுன்னு நடுவுல வெச்சுக்குவா. மூடியில மருந்து கொஞ்சம் கசியும்ல, எல்லா டேங்க்லயும் கசியிறதுதான். அது துண்டுல எறங்கி ஊறிடும். சாயங்காலம் கழட்டும்போது முதுகு நனைஞ்சிருக்கும். டாக்டருகூடக் கேட்டாரு, மருந்து அடிப்பீங்களா, மேல படுமான்னு. அதுனாலதான் இப்படியாச்சான்னு நான் கேட்டேன். உறுதியாச் சொல்ல முடியாதும்மா, வேற காரணமும் இருக்கலாம்னுட்டாரு."

உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் ஓட்டினேன். குழி இருந்திருந்தால் துண்டு தேவைப்பட்டிருக்காது. துண்டு இல்லாதிருந்தால் கசிந்த மருந்து வழிந்து கீழே போயிருக்கும், மூன்று வருஷம் உன் தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்காது. இந்த இரண்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்குமேல் டாக்டருக்கே தெரியாது. தெரியாததால் நான் குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, குற்றவாளி என்று சொல்லி அழுது தீர்க்கவும் முடியவில்லை.

பிறகு ஒருநாள் முதலாளியிடம் போனேன். உன் பழைய வளைவை மறுபடி வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மெலிசாகாமல் குழி போட இப்போது எனக்கு வழி தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்றார். பிறகு, "கையில மருந்தடிக்கிறதே கொறஞ்சுபோச்சு. பேட்டரி, ட்ரோன்னு போயிட்டாங்க. இருக்கற அச்சு தேயிற வரைக்கும் ஓடட்டும். இதுக்குப் போயிப் புது அச்சு வெட்ட முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அன்று மத்தியானமும் அச்சு திறந்து மூடிக்கொண்டிருந்தது. சூடான மஞ்சள் டேங்க்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடுக்க வசதியாக இருந்தன. அம்மாவின் மாத்திரை, வீட்டு வாடகை என்று எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் உன் ஊருக்கு மறுபடி வந்தேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு வந்தேன். சொல்லியும்விட்டேன். "அவ வரைஞ்சதுல முதுகு நல்லா வளைவா இருந்திச்சும்மா. தட்டையாக்குனது நான்தான். வேலைக்காக." ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார்.

"எல்லா டேங்க்கும் அப்படித்தானம்மா இருக்கு" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பிறகு, உன்னைப் பார்த்து அதே டேங்க் வாங்கிய அந்த நான்கு வீட்டுக்கும் போனேன். துண்டு வைக்காதீர்கள், வைத்தால் மருந்து ஊறி உடம்பில் இறங்கும் என்று சொன்னேன். மூன்று வீட்டில் தலையாட்டினார்கள். நான்காவது வீடு கமலா அக்காவுடையது. புருஷன் இறந்தபிறகு தனியாளாக நின்று விவசாயம் பார்ப்பவர். அவர் தலையாட்டவில்லை.

"துண்டு இல்லன்னா முதுகு பிச்சிக்கும்மா. இது நீ செஞ்சதுதான? நீ மாட்டிப் பாத்திருக்கியா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் உள்ளே போய்த் தன் டேங்க்கை எடுத்துவந்தார். டேங்க்கை நன்றாகக் கழுவி, வாய்க்காலில் இறங்கி, மூடி மட்டம்வரை வெறும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். வரப்பில் வைத்து, "வா" என்றார்.

உட்கார்ந்து வார்களில் கையை நுழைத்தேன். எழுந்திருக்க இரண்டு முறை முயன்றேன். "அந்த மோட்டார் கொட்டாய் வரைக்கும் போயிட்டு வா. நெம்பிக்கிட்டே போ" என்றார். இடது கையால் நெம்பினேன். ஒவ்வொரு நெம்புக்கும் டேங்க் ஒரு பக்கம் நகர்ந்து, அதன் தட்டையான பலகை முதுகெலும்பின்மேல் ஏறி இறங்கியது. வரப்பு ஒரு அடி அகலம்கூட இல்லை. உள்ளே தண்ணீர் சாய்ந்து என்னையும் சாய்த்தது. கீழோரம் இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே வந்தது. திரையில் எத்தனையோ முறை நான் சுழற்றிப் பார்த்த ஓரம்தான் அது. நீ நாள் முழுக்க நடந்தாய். நான் கொட்டகையைத் தொட்டுத் திரும்பியபோதே கண்ணில் நீர் வந்துவிட்டது. துக்கத்தால் வந்த நீர் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வலிதான்.

பாதி வழியில் நின்றுவிட்டேன். கமலா அக்கா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்று கூப்பிட்டேன், "ஒரு துண்டு இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னேன் பார் என்றும் சொல்லவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்துக்கொண்டே வரப்பில் வந்து, என் முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவே செருகிவிட்டார். மூடியிலிருந்து கசிந்த தண்ணீர் அதில் இறங்க ஆரம்பித்தது. முதுகு குளிர்ந்தது. மீதி வழியை அப்படியே நடந்து முடித்தேன்.